குதிகாலுக்குக் கீழே ஒரு கை

ஜனவரி 25

தினமும் எழுத வேண்டும் என்று சொல்லி இந்த டைரியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் பெனிட்டா. ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண். எவ்வளவு வலி, என்ன பயிற்சி, என்ன முடிந்தது, எல்லாம் எழுத வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடமே ஒழுங்காக எழுதாதவள் நான். இத்தனை வருடம் சேலை விரித்து மடித்த கைக்குப் பேனா பிடிக்க வெட்கமாக இருக்கிறது.

வலி: இருக்கிறது. பயிற்சி: இல்லை. முடிந்தது: ஒன்றுமில்லை. போதுமா?

போதாது என்பாள். நடந்ததையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் கடையில் தை முகூர்த்தக் கூட்டம். எனக்கு இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு. மலைபோல் சேலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்ட ஒரு அம்மா, மேல்தட்டின் ஓரத்தில் ஒளிந்திருந்த மாம்பழ மஞ்சளைக் காட்டி, "அத எடுங்க" என்றார். ஸ்டூல் கொண்டுவரச் சோம்பல்பட்டு இடது காலில் எம்பினேன். பின்னங்காலில் யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது. பட்டென்று சத்தமும் கேட்டது. விழுந்துகொண்டே திரும்பி, "கண்ண எங்கட்டி வச்சிருக்க?" என்று ரஹ்மத்தைத் திட்டினேன். அந்தப் பிள்ளை எதிர்க் கவுண்டரில் ஜாக்கெட் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். என்னை உதைத்தது என் கால்தான்.

கெண்டைக்கால் சதையையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டியிருக்கிற கயிறு அறுந்துவிட்டதாம். திறந்து தைத்திருக்கிறார்கள். விரலும் வீங்கியிருந்ததால் இடது கால் மெட்டி கழலவில்லை. நர்ஸ் அதை வெட்டி எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால் "இருக்கு" என்கிறார். இருக்கு, ஆச்சு, சரி. இந்த மூன்று வார்த்தைகளை வைத்துத்தான் இருபத்திரண்டு வருடமாகக் குடித்தனம் நடக்கிறது.

ஜனவரி 29

வீட்டுக்கு வந்தாயிற்று. முழங்கால் வரை மாவுக்கட்டு.

காலையில் என் வீட்டுக்காரர் காப்பி போட்டார். ஆவுடையப்பன் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை. மாநகராட்சியில் தெருத் தெருவாகப் போய் குடிதண்ணீர் வால்வு திறந்துவிடுகிற வேலை அவருக்கு. விடியுமுன் சைக்கிளில் போய்விடுவார். ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டுவிட்டு வந்து எனக்கும் தண்ணீரையே காப்பி என்று நீட்டினார். குடித்தேன்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"இருக்கு" என்றேன். சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 7

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். என் காலா இது? வலது கெண்டைக்கால் பழையபடி இருக்கிறது. இடது, தோல் தொங்கி, குச்சியாகக் கிடக்கிறது. சேலைப் பார்சல் நூலை வலது காலில் சுற்றி, முனை சேர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். அதே நூலை இடது காலில் சுற்றினால் முனை சேர்ந்த இடத்துக்கும் முடிச்சுக்கும் நடுவில் மிச்சம் நின்றது. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

பெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். "நரம்பு வலுக்க மருந்து கிடையாதா?" என்று கேட்டேன்.

"அது நரம்பு இல்லக்கா, தசைநாண். அதத் தச்சாச்சு. இப்ப மெலிஞ்சு கிடக்கிறது சதை. கயிறு அறுந்துட்டா சதைக்கு இழுக்கிற வேலை இல்லைலா? வேலை இல்லாத சதை சுருங்கிரும்."

"நல்லாத்தானே சாப்பிடுதேன்?"

"சாப்பாடு மட்டும் காணாது. சதைங்கிறது நார் நாரா இருக்கும். ஒவ்வொரு நார் ஓரத்துலயும் குட்டிக் குட்டி செல் ஒட்டிக்கிட்டுத் தூங்கும். வருஷக்கணக்கா ஒரு வேலையும் பார்க்காது. நாருக்கு அடிபட்டாலோ வேலை கூடினாலோ முழிச்சிரும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அப்புறம் போயி அந்த நாரோடயே கலந்திரும். அப்படித்தான் நார் மறுபடி தடிக்கும்."

"பக்கத்துலயே படுத்து, ஒரு வேலையும் பார்க்காம குறட்டை விட்டுக்கிட்டு... எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு."

பெனிட்டா குலுங்கிச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் கதவருகே தூக்குச்சட்டியோடு அவர். "சரி" என்றார். எதற்குச் சரி என்று அவருக்கே வெளிச்சம்.

குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைத்த பெரிய பூட்ஸ் ஒன்று மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோ குலுங்கியபோது அது அவர் முழங்காலில் இடித்துவிட்டது. சட்டென்று அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எப்போதும் செய்வதுதான். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 12

இன்று காப்பி பரவாயில்லை.

பிப்ரவரி 20

ரஹ்மத் பார்க்க வந்தாள். கையில் பேரீச்சம்பழம், வாய் நிறையக் கடைக்கதை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மெதுவாக மேனேஜர் சொன்னதையும் சொன்னாள்.

"ஆவணி முகூர்த்தத்துக்குள்ள கால் சரியாச்சுன்னா பட்டுப் பிரிவு உங்களுக்குத்தானாம்க்கா. இல்லன்னா கீழ பில் கவுண்டர்ல உக்காந்துக்கிடச் சொன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு."

தெரியும். உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஃபேன் காற்று, இன்னும் என்ன வேண்டும் என்று யாரும் கேட்பார்கள். கைக்குட்டையும் துண்டும் விற்றுத் தேய்ந்து அந்த இரண்டாம் மாடிக்கு ஏறினவள் நான். கல்யாணப் பெண் தோளில் முதல் பட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் முகம் ஒரு மாதிரி மாறும். அம்மாக்காரி சட்டென்று வாயை மூடிக்கொள்வாள். அதைப் பார்க்கத்தான் நான் வேலைக்குப் போகிறேன். கீழே உட்கார்ந்தால் வந்துபோகிறவர்களின் கைப்பை மட்டும்தான் தெரியும்.

எங்கள் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் எம்பினோம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஒற்றைக் காலில் குதிகால் எழும்ப வேண்டும். எழும்பினால் பட்டு, எழும்பாவிட்டால் பில். கணக்கு அவ்வளவுதான்.

மார்ச் 6

பெனிட்டா வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தாள். புண் ஆறிவிட்டது. இனி தினமும் யாராவது குதிகாலைக் கையில் ஏந்தி, தழும்பு உள்ளே ஒட்டிக்கொள்ளாதபடி மெதுவாக நீவிவிட வேண்டும். "அண்ணாச்சி செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

பிறகு கால் தவறிவிட்டது.

வலி: அதிகம். வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7

குளியலறையில் வழுக்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள். தையல் விடவில்லை. ஆனால் வெடுக்கென்று இழுபட்டு, கனமும் விழுந்ததில் நாண் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்கிறார். நீண்டுவிட்டால், சதை எவ்வளவு வளர்ந்து எவ்வளவு இழுத்தாலும் குதிகால் முழுசாக எழும்பாதாம். கொடி தொய்ந்தால் சேலை தரையில் புரளுகிற கதைதான். மறுபடி ஆப்பு, மறுபடி பூட்ஸ்.

அவர் சுவரோரமாகவே நின்றார். குளியலறை என்று நான் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 21

அவர் இப்போது முன்னறையில் படுக்கிறார். விடியுமுன் எழுந்து போவதால் எனக்குத் தூக்கம் கெடுகிறதாம். இத்தனை வருடம் கெடாத தூக்கம்.

குறட்டைச் சத்தம் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது. இருந்தாலும் அடிக்கடி விழிப்பு வந்துவிடுகிறது. வெயில் தொடங்கிவிட்டது அல்லவா, அதனால் இருக்கும்.

மார்ச் 30

காப்பி வருகிறது. பேச்சு வருவதில்லை.

ஏப்ரல் 13

பூட்ஸுக்கு விடை கொடுத்தாயிற்று. போன வாரம் முதல் பில் கவுண்டரில் உட்காருகிறேன். நினைத்தபடியே கைப்பைகள்தான் தெரிகின்றன.

நூல் அசையவே இல்லை. முடிச்சு வரை அதே மிச்சம். பெனிட்டா காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு முறைத்தாள்.

"அக்கா, ரெண்டு கால்லயும் எழும்பி, இடது கால்ல மெதுவா இறங்கச் சொன்னேன்லா? செய்றீங்களா?"

"செய்யுதேன்."

"பொய். கனம் பூரா வலது கால்லதான் விழுது. புதுசா வளர்ற நாருக்கு எந்தப் பக்கம் நீளணும்னு தானாத் தெரியாது. இழுவைதான் அதுக்கு வழி காட்டணும். இழுக்காம விட்டா நார் இருக்க வேண்டிய இடத்துல கொழுப்பும் தழும்பும் வந்து உக்காந்துக்கிடும். ரொம்ப இழுத்தாலும் ஆபத்து, இழுக்காட்டாலும் ஆபத்து."

"பயமா இருக்கு" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "மறுபடி போயிருமோன்னு."

தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அண்ணாச்சிய உங்க குதிகாலுக்குக் கீழ கைய விரிச்சு வைக்கச் சொல்லுங்க. நீங்க அவர் கை மேல மெதுவா இறங்குங்க. கீழ கை இருக்குன்னு தெரிஞ்சா கால் நம்பும்."

அவர் கையை மிதிக்க வேண்டுமாம்! நல்ல பிள்ளை, நல்ல யோசனை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார். "நல்லா இருக்கு" என்றார். வழக்கத்தைவிட ஒரு வார்த்தை கூடுதல்.

மே 2

ஆஸ்பத்திரியில் பெனிட்டா இன்று பயிற்சியைத் தொடங்குமுன் கதவைச் சாத்தினாள்.

"உங்க கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்க்கா. அன்னைக்கு ஸ்கேன் எடுத்த மறுநாள் அண்ணாச்சி தனியா இங்க வந்தாரு. 'நான் தொட்டதுனாலதான் நீண்டு போச்சாம்மா?'ன்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். நம்பல. போகும்போது அவரு கையவே பார்த்துக்கிட்டுப் போனாரு."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அடுப்பு பற்றவைக்கவில்லை. எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

மார்ச் ஆறாம் தேதி கால் தவறவில்லை. நான்தான் இழுத்தேன். அவர் குனிந்து, இரண்டு கையாலும் என் குதிகாலை ஏந்தினார். அவர் தலை என் காலுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவர் தெரியவில்லை, என் அப்பாதான் தெரிந்தார்.

எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. அப்பா அவள் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஊக்கால் நெம்பி எடுத்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா கடைசிவரை யாரையும் குறை சொல்லவில்லை. "புருசன் கையில கால் குடுத்தேன், அவரு ஆயுச நானே குறைச்சுட்டேன்" என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். எனக்குத் தாலி ஏறிய அன்றும் காதில் அதையே சொன்னாள். அது உண்மை இல்லை என்று படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்று என் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன், பூட்ஸ் இல்லாத காலில்.

அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம். இதை இருபத்திரண்டு வருடமாக அவரிடம் நான் சொல்லவே இல்லை.

மே 3

வால்வு திறந்துவிட்டு வந்து சைக்கிளை நிறுத்தினார். உள்ளே நுழைவதற்குள் சொல்லிவிட்டேன்.

"நீங்க தொட்டதுனால ஒண்ணும் ஆகல. நான்தான் கால இழுத்தேன். வலிச்சு இழுக்கல."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மடித்து, மறுபடி பிரித்தார். "தெரியும். பிடிக்கலைன்னு நெனச்சேன்."

"என்னது?"

"இன்னைக்கு நேத்தா உலகு? படுக்கையில கால் பட்டாக்கூட தீயில பட்ட மாதிரி இழுத்துக்கிடுவ. சரி, பிள்ளைக்குப் பிடிக்கலன்னு நானும் ஒதுங்கிக்கிட்டேன்."

உலகு என்று என் பெயரைச் சொல்லி, நாற்பத்து நான்கு வயதில் என்னைப் பிள்ளை என்கிறார். பிறகு முள்ளைப் பற்றிச் சொன்னேன், அப்பாவைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். குழாயில் தண்ணீர் வந்து குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஊர்த் தண்ணீர் ஒரு சொட்டு வீணானால் பொறுக்காத மனுஷன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மி மேல உன் கால வச்சு மெட்டி போட்டது யாரு?" என்றார்.

"நீங்கதான்."

"ரெண்டு காலையும் பிடிச்சேம்லா?"

"ஆமா."

"இருபத்திரண்டு வருஷமாச்சு. இன்னும் தண்ணி தொறந்து விட்டுக்கிட்டுத்தான இருக்கேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் மூக்கு ஒழுகிவிட்டது. அவர் துண்டை நீட்டினார்.

சாயங்காலம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு காலிலும் எழும்பினேன். அவர் தரையில் உட்கார்ந்து இடது குதிகாலுக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்தார். "மெதுவா. வால்வ ஒரேயடியாத் தொறந்தா குழாய் வெடிச்சிரும். கொஞ்சங் கொஞ்சமா விடு" என்றார். இறங்கினேன். கால் நடுங்கியது. குதிகால் அவர் கையில் போய் உட்கார்ந்தது. வால்வுச் சாவி திருகித் திருகிக் காய்த்துப்போன கை. சூடாக இருந்தது.

குனிந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதை மட்டும் விட முடியவில்லை.

மே 4

இன்று அவருக்கு வால்வு திறக்கிற முறை இல்லை. கண் விழித்ததும் அவர் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன். விரலே வைத்திருக்க வேண்டாம். குறட்டை அந்தப் போடு போட்டது.

ஆமாம், முன்னறைப் பாயைச் சுருட்டி வைத்தாயிற்று.

மே 19

பயிற்சி: காலை, மாலை. வலி: கெண்டைக்கால் சதையில், நல்ல வலி. நல்ல வலி என்று ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 8

நூலில் மிச்சம் குறைந்திருக்கிறது! பெனிட்டாவிடம் காட்டினேன். இன்ச் டேப் வைத்து அவளும் ஒத்துக்கொண்டாள்.

"தூங்கின செல் எல்லாம் முழிச்சு நாரோட கலந்துட்டுது போல?" என்றேன்.

"எல்லாம் கலக்காதுக்கா. கொஞ்சம் திரும்பிப் போயி அதே நார் பக்கத்துலயே படுத்துத் தூங்கும். அடுத்த தடவை வேணும்லா?"

அதுவும் நியாயம்தான். எல்லாரும் முழித்துக்கொண்டே இருந்தால் வீடு தாங்காது.

ஜூன் 27

ஒற்றைக் காலில் முயன்றேன். எழும்பவில்லை. சதை இறுகுகிறது, நடுங்குகிறது, குதிகால் மட்டும் அவர் கையை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்கிறது. நாண் நீண்டுபோயிருந்தால் எழும்பவே எழும்பாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. கோபத்தில் அவரைத் திட்டினேன். காரணமே இல்லை. "சரி" என்றார். கையை எடுக்கவில்லை.

ஜூலை 1

இல்லை.

ஜூலை 5

இல்லை. ரஹ்மத் பில் கவுண்டருக்கு வந்து, ஆவணிக்கு வரப்போகிற புதுச் சரக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

ஜூலை 12

சாயங்காலம் வழக்கம்போல் நின்றோம். சன்னலைப் பிடித்திருந்தேன். வலது காலை மடக்கிக்கொண்டு இடது காலில் எழும்பப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே நடுக்கம், அதே இறுக்கம். இன்றும் இல்லை என்று கீழே விடப் போனேன்.

"பொறு" என்றார்.

"என்ன?"

"கையில காத்து படுது."

அசையாமல் நின்றேன். அவர் குனிந்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்குச் சாய்ந்து பார்த்தார். வழுக்கை விழத் தொடங்கிய தலை அங்கே கீழே தரையில். இந்தத் தடவை எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை.

"ஆமா உலகு. காத்துதான்."

மெதுவாக இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி ஒரு தடவை செய்து காட்டு என்றார். செய்தேன். மறுபடியும் காற்று.

எழுந்து போய் ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையின் பையைத் துழாவினார். காகிதப் பொட்டலம். பிரித்தால் என் மெட்டி. வெட்டிய இடத்தை ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைத்திருந்தார். பற்றவைத்த இடம் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது.

"இவ்வளவு நாளும் பையிலயா வச்சிருந்திய?"

"இருக்குன்னு சொன்னேம்லா."

அம்மி எங்கே இருக்கிறது, மிக்ஸிதான். அவர் முழங்காலில் என் இடது காலைத் தூக்கி வைத்தார். நான் இழுக்கவில்லை. விரலில் மெட்டி சரியாக ஏறியது. குனிந்து அவரைத் தொடப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "போதும்டி" என்றார். கண்ணில் ஒற்ற வேண்டிய கை அவர் கையிலேயே இருந்துவிட்டது.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்துவிட்டது. ஒற்றைக் காலில் எழும்பினால் குதிகாலுக்கும் அவர் கைக்கும் நடுவில் இப்போது நாலு விரல் நுழைகிறது. இன்று முதல் இரண்டாம் மாடி. படி ஏறும்போதே ரஹ்மத் கைதட்டினாள். மேனேஜர் முறைத்துவிட்டு அவரும் தட்டினார்.

மதியத்துக்கு மேல் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பெண் வாய் திறக்கவில்லை, அத்தைமார்தான் பேசினார்கள். கடைசியில் அந்தப் பெண் மேல்தட்டைப் பார்த்து, "அந்த அரக்கு?" என்று மெல்லக் கேட்டாள். ஸ்டூல் பக்கத்தில்தான் இருந்தது. இனி எப்போதும் ஸ்டூல்தான் என்று பெனிட்டாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் இடது கால் என்னைக் கேட்கவில்லை. எம்பினேன். குதிகால் எழும்பியது, சேலை கையில் வந்தது. கீழே அவர் கை இல்லை என்பது சேலையைப் பிரிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினேன். அந்தப் பிள்ளையின் முகம் மாறியது.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றக்கூட இல்லை, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே காப்பி ஆற்றினார். சொல்லி முடித்ததும் டம்ளரை நீட்டி, "அப்ப இனி கை வேண்டாம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்" என்றேன்.